தேத்தண்ணிக்குத் தாங்கும் பனிஸ்

இலங்கையின் ஊவா மலைநாட்டில், பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பாதையில் உள்ள சின்ன டவுன் லுணுகலை. பேராதனையில் புறப்பட்டு நுவரெலியா, வெலிமடை, பதுளை என்று மலைகளைச் சுற்றி, மட்டக்களப்புக்குப் பக்கத்தில் செங்கலடியில் போய் முடியும் ஏ5 வீதிதான் இந்த டவுனுக்கும் கடைத்தெரு. சுற்றிலும் ஹொப்டன், அடாவத்தை என்று தேயிலைத் தோட்டங்கள். இடையிடையே சிங்களக் கிராமங்கள். டவுனில் முஸ்லிம்களின் கடைகள். சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்துவிட்டால் எல்லாரும் அந்த ஒற்றை வீதியில் தோள் இடித்துக்கொண்டு நடப்போம்.

அந்த வீதியிலிருந்த பேக்கரி ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதற்குப் பலகையில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. 'நானா கடை' என்றால் போதும். முதலாளி முஸ்லிம், அதனால் எல்லாருக்கும் நானா. போறணைக்குப் பொறுப்பாக இருந்தவர் மாத்தறைப் பக்கத்திலிருந்து வந்த சிங்களவர், எல்லாருக்கும் பாஸ். மாவு பிசைகிறவர்களும் விறகு சுமக்கிறவர்களும் தோட்டத்துப் பையன்கள். அவர்களில் ஒருவர் என் தாய்மாமா. பள்ளிக்கூடம் இல்லாத நாளுக்கு முந்தின இரவுகளில் பேக்கரியின் பின்கட்டில் எனக்கு ஒரு மூலை கிடைத்தது அவரால்தான். எண்பதுகளின் நடுப்பகுதி அது.

போறணை செங்கல் வைத்துக் களிமண் பூசிக் கட்டியது. வளைந்த கூரை, முன்னால் இரும்புக் கதவு போட்ட ஒரு வாய். அடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. பாண் வேகப்போகும் அதே தளத்தில்தான் விறகை அடுக்கிக் கொளுத்துவார்கள். கவ்வாத்து வெட்டிய மலைகளிலிருந்து கட்டுக்கட்டாக வரும் தேயிலை மிலாறு பற்றவைக்க. நின்று எரிய சவுக்குக் கட்டை. முதலில் புகையில் கூரை கரி பிடித்துக் கறுத்துவிடும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய் செங்கல் வெளுக்கும். அப்படி வெளுத்த பிறகுதான் பாஸ் பாயைவிட்டு எழுந்து வருவார். தணலை வெளியே வாரி இழுத்துப் போட்டு, நீளக் கம்பில் கட்டிய ஈரச் சாக்கால் தளத்தைத் துடைப்பார். பிறகு ஒரு சிட்டிகை மாவை எடுத்து உள்ளே எறிவார். உடனே கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். மெல்லச் சிவந்தால் பாண் உள்ளே போகலாம். சூட்டை அளக்க அவரிடம் இருந்த கருவி அது ஒன்றுதான்.

ஒரு தடவை மூட்டிய சூடு விடியும்வரை இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அந்த இறக்கத்தில் ஒரு படியைக்கூட வீணாக்காமல் வேலையை அடுக்குவதில்தான் பாஸின் கெட்டித்தனம் இருந்தது. கடும் சூட்டில் றாத்தல் பாண். அது வெளியே வந்ததும் டீ பனிஸும் மீன் பனிஸும். சூடு இன்னும் கொஞ்சம் தணிந்த பிறகே சீனி தூவியவை போகும், முன்கூட்டிப் போனால் சீனி கருகிக் கசந்துவிடும். அதற்கப்புறம் கேக். கடைசியில், விடிந்து கடை திறந்த பிறகு, முந்தின நாள் விற்காமல் மிஞ்சிய பாணைச் சீவித் தட்டில் பரப்பி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். மத்தியானத்துக்குள் அது ரஸ்க் ஆகியிருக்கும். ஒரு வேளை விறகில் ஒரு டவுனுக்கும் பல தோட்டங்களுக்கும் காலையும் மாலையும் தேத்தண்ணிக்குத் துணை தயார்.

மாவு விஷயத்தில் வானிலைதான் முதலாளி. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாவில் காய்ந்த காற்று அடிக்கும். கொழுந்துக்கு வாசனை ஏறுகிற பருவம் அது. உலகம் ஊவாத் தேயிலை என்று பேர் சொல்லி வாங்குவது அந்த மாதங்களில் காய்ந்த தூளைத்தான். தோட்டத்துக்கு நல்லது செய்யும் அந்தக் காற்று பேக்கரிக்கு ஆகாது. பிசைந்து வைத்த மாவின் மேல் தோல் கட்டிவிடும், ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மார்கழி மழையிலோ மாவு அசையாது. தொட்டியைப் போறணைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, அது பொங்கும்வரை எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவோம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அந்தக் காத்திருப்புகளில் கற்றது.

பாஸின் கை வேலையில் நான் அலுக்காமல் பார்த்தது கிம்புலா பனிஸ். இலங்கையில் எந்த ஊர்ப் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியிலும் இருக்கும், முதலையின் பேர் வைத்த பனிஸ். பாண் மாவைவிடச் சீனி கூடிய மாவு. ஒரு பிடி கிள்ளி, பலகையில் நீளமாக உருட்டித் தேய்ப்பார், ஒரு முனை அகலமாக, மறுமுனை ஒடுக்கமாக. உள்ளங்கையில் மாஜரினை எடுத்து அதன்மேல் ஒரே இழுப்பு. அகன்ற முனையிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தால் நடு தடித்து, இரண்டு பக்கமும் கூர்ந்து, முதுகில் வரிவரியாக நிற்கும். மேலே இன்னும் கொஞ்சம் மாஜரின், அப்புறம் பருக்கைச் சீனி. போறணையில் முதுகுச் சீனி அப்படியே மினுங்கும். வழிந்து தட்டில் விழுந்த சீனி மட்டும் உருகி, அடிப்பக்கத்தில் பழுப்பாகப் பிடித்துக்கொள்ளும். தட்டைக் கவிழ்க்கும்போது ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பழுப்புச் சீனியைச் சுரண்டித் தின்னும் உரிமை பின்கட்டுப் பையன்களுக்கு.

அதைத் தின்பதற்கு ஒரு முறை உண்டு. கிளாசில் கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ. கூரான முனையைப் பிய்த்துத் தேத்தண்ணியில் முக்கி, சொட்டுவதற்குள் வாயில் போட வேண்டும். மாவு தேத்தண்ணியைக் குடித்துக்கொள்ளும், ஆனால் அறுந்து விழாது. சுருளுக்குள் இருக்கும் மாஜரின் இளகும். மேல்சீனி பாதி கரைந்து பாதி பல்லில் நறநறக்கும். தேத்தண்ணிக்குத் தனியாகச் சீனி போடாமலே ஒரு கிளாசை முடித்துவிடலாம். எங்கள் தோட்டத்து லயத்துப் பெரியவர்கள் சிலருக்குச் சீனிச் செலவைக் குறைக்கும் வழியும் அதுதான்.

லயத்துக்குப் பாணும் பனிஸும் அன்றாடச் சாப்பாடு இல்லை. அன்றாடம் என்பது மா ரொட்டியும் சம்பலும். விடியற்காலை அடுப்பில் கோதுமை மாவைத் தட்டிப் போட்டு, ஆளுக்கு ஒன்று சாப்பிட்டு, இன்னொன்றைத் துணியில் முடிந்துகொண்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுவார்கள். பாண் வந்தால் வீட்டில் யாருக்கோ காய்ச்சல், அல்லது விருந்தாளி என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர் கையில் அரை றாத்தல் பாண் இருக்கும். பனிஸ் வருவது சம்பளத்தன்று மட்டும். அம்மா சேலை முந்தானையில் காசை முடிந்துகொண்டு டவுனுக்குப் போய், கடைக் கடனெல்லாம் கட்டி முடித்து, மிச்சத்தில் பழைய பத்திரிகையில் சுற்றிய கிம்புலாவோடு வருவாள். அச்செழுத்தின் மை பனிஸின் அடியில் ஒட்டியிருக்கும். அது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை.

அம்மாவுக்குப் பேக்கரி என்றாலே வேறொரு ஞாபகம் வரும். 1973, 74 பஞ்ச காலத்தில் தோட்டங்களுக்கு வரும் அரிசியும் மாவும் சுருங்கிப்போனபோது, மரவள்ளிக்கிழங்கும் கீரையும் தின்று ஒப்பேற்றியவர்கள் அவர்கள். என்னைக் கைக்குழந்தையாகத் தோளில் போட்டுக்கொண்டு இதே கடை வாசலில் பாணுக்கு வரிசையில் நின்றதை அவள் அடிக்கடி சொல்வாள். திருகோணமலையில் பிரிமா மாவு ஆலை 1980இல் ஓடத் தொடங்கிய பிறகு, கோதுமை மாவு கடைக்கு வருவது சீராகியது. நான் பார்த்த பேக்கரி அந்தச் சீரான காலத்துப் பேக்கரி. ஆனாலும் சீர் எப்போதும் நிலைக்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை டவுன் எரிந்த நாட்களில் எங்கள் பக்கம் பாண் வரவில்லை, லயத்தைவிட்டு யாரும் டவுனுக்கு இறங்கவும் இல்லை.

வாங்குகிறவர்கள் இப்படிப் பலவிதமாக இருந்ததால், பாஸ் புதுசு புதுசாக ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. மீன் பனிஸுக்கு டின் மீனும் வெலிமடை உருளைக்கிழங்கும் மிளகுத்தூளும். சீனிச் சம்பல் பனிஸில் வழக்கமாக மாசிக் கருவாடு இருக்கும். வெள்ளிக்கிழமை விரதக்காரர்களுக்காக மாசி போடாத சம்பல் தனிச் சட்டியில் இறங்கும். அந்தப் பனிஸுகளின் தலையில் மட்டும் ஒரு துளி கருஞ்சீரகம் அடையாளம். பன்றிக் கொழுப்பு அந்தக் கடைக்குள் வந்ததே இல்லை. நானாவின் கடையில் அதைப் பற்றிப் பேச்சும் இல்லை. பிபிலைப் பக்கம் தோடம்பழம் மலிந்து கிடக்கும் காலத்தில், பஸ் கண்டக்டர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பழத்தின் தோலைச் சீவிச் சீனியோடு பிசைந்து கிம்புலாவுக்குள் வைப்பார். சிங்கள வீடுகளில் பலகாரத்துக்குள் வைக்கும் தேங்காய்ப் பூவும் கித்துள் பாணியும் ஒருநாள் பனிஸுக்குள் புகுந்தது. வெசாக் வாரத்தில் அது போறணையிலிருந்து வந்த சூட்டிலேயே தீர்ந்துபோகும். ஒன்றோடு ஒன்றைக் கலந்து புதுப் பண்டம் செய்கிறோம் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. வருகிறவர் எவரும் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்பதுதான் நானாவின் கணக்கு. அதைப் பாஸ் மாவில் செய்து காட்டினார்.

தொண்ணூறுகளில், மலையகத்துப் பையன்கள் எல்லாரையும் போல நானும் கொழும்புக்கு வேலைக்குப் போனேன். எல்லாரும் புடவைக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போக, எனக்கு ஹோட்டலொன்றின் பேஸ்ட்ரிப் பகுதியில் தட்டுக் கழுவக் கிடைத்தது. தட்டுக் கழுவியபடியே மாவுப் பக்கம் நகர்ந்து, அங்கேதான் குரோசான் கற்றுக்கொண்டேன். மாவுக்கு நடுவில் வெண்ணெய்ப் பலகையை வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடித்து, குளிரில் ஆறவிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி மூன்றாக மடிக்க வேண்டும். மூன்று தடவை மடித்தால் உள்ளே வெண்ணெய் 27 அடுக்காகியிருக்கும். அறை சூடானால் வெண்ணெய் உருகி மாவுக்குள் ஊறிவிடும், அடுக்கு கெட்டுவிடும். அதனால் அந்த அறைக்கு மட்டும் இரவும் பகலும் குளிர்சாதனம் ஓடும். கொழும்பு வெயிலில் வெந்துகொண்டிருந்த எனக்கு லுணுகலை மார்கழியை ஞாபகப்படுத்திய ஒரே இடம் அதுதான்.

குரோசானைச் சுருட்டும்போது என் கைக்கு அது புதிதாக இல்லை. அகன்ற முனையிலிருந்து சுருட்டு, நடு தடிக்க, பக்கம் கூர. பாஸ் செய்ததையேதான் செய்துகொண்டிருந்தேன். அங்கிருந்த தலைமைச் சமையல்காரர் ஒரு கதை சொல்வார்: 1683இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றபோது, அந்த வெற்றிக்காக ரொட்டிக்காரர்கள் பிறை வடிவத்தில் சுட்டதுதான் இது என்று. அது கதைதான், சரித்திரத்தில் அதற்குச் சான்று இல்லை. சான்றுள்ளது இன்னொன்று. ஓகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் 1830களின் கடைசியில் பாரிசில் வியன்னா முறைப் பேக்கரி ஒன்றைத் திறந்தார், அங்கே பிறை வடிவப் பனிஸும் விற்றது. வெண்ணெய் அடுக்கு அதற்குள் நுழைந்தது பிற்பாடு, பிரெஞ்சுக்காரர் கையில். பிரான்சின் பெருமை என்று உலகம் தின்னும் பண்டமே வந்தேறிப் பண்டம்தான். இரண்டு ஊர்ப் பழக்கம் கலந்து உண்டானதுதான்.

2013இல் நியூயார்க்கில் டொமினிக் அன்செல் குரோசான் மாவை வளையமாக வெட்டி எண்ணெயில் பொரித்து 'குரோநட்' என்று பேர் வைத்தார். கடை திறக்குமுன்பே வரிசை நின்றது, ஒருவருக்கு இத்தனைதான் என்று அளவு வைக்க வேண்டியதாயிற்று. அதே வருடம் மெல்பேர்னில் லூன் என்ற கடை அதே மாவை மஃபின் அச்சில் சுட்டு 'கிரஃபின்' என்றது. எங்கள் ஹோட்டலிலும் கலப்புப் பண்டம் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. பிஸ்தா, சொக்லேட், சீஸ் என்று செய்தோம். நான் சீனிச் சம்பல் குரோசான் செய்து வைத்தேன், வெளிநாட்டு விருந்தாளிகள் புகைப்படம் எடுத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை விரதக்காரருக்காகப் பாஸ் தனிச் சட்டியில் வதக்கிய சம்பலின் அளவு அது, மாசி இல்லாமல்.

2022இல் நாடு பொருளாதாரத்தில் கவிழ்ந்தபோது ஹோட்டலும் படுத்தது. விருந்தாளி இல்லை, காஸ் இல்லை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. குளிர் அறை குளிராமல் போனபின் குரோசானுக்கு அங்கே வேலை இல்லை. நான் ஊருக்கு வந்தேன். நானா காலமாகிவிட்டிருந்தார், கடை அவர் மகன் கையில். பாஸும் இல்லை. ஆனால் போறணை இருந்தது. காஸுக்கு மாறிய பேக்கரிகள் பல ஊர்களில் மூடிக் கிடந்த அந்த மாதங்களில், பழைய விறகுப் போறணை வைத்திருந்தவர்கள் தட்டுத்தடுமாறியாவது பாண் போட்டார்கள். மாவு பிசையும் இயந்திரம் கரண்ட் இல்லாமல் நின்றதும், என் மாமா மாதிரி வயதானவர்களைக் கூப்பிட்டுப் பையன்களுக்குக் கைப்பிசைவு சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மாவு, சீனி, முட்டை, மாஜரின் எல்லாம் ஏறிய விலையில் பனிஸ் சிறுத்தது. தோட்டத்தில் ஒருநாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனது அதற்கு முந்தின வருடம்தான். அந்த ஆயிரத்தின் பெறுமதி கண் முன்னாலேயே கரைந்தது.

நானாவின் மகன் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. "கொழும்பில செஞ்சதை இங்கயும் செய்ங்களேன் அண்ணே" என்றான். மார்கழிக் குளிரில், வெண்ணெய்க்கு வழியில்லாததால் பேஸ்ட்ரி மாஜரின் வைத்து, பின்கட்டில் மாவை மடித்தேன். மாஜரின் வெண்ணெயைவிடச் சூடு தாங்கும், ஊவாக் குளிரோ இலவசமாக வந்தது. கொழும்பில் குளிர்சாதனம் செய்த வேலையைத் திறந்த ஜன்னல் செய்தது. பாண் இறங்கிய சூட்டில் சுட்டு எடுத்தபோது அடுக்கு பிரிந்து நன்றாகவே வந்திருந்தது. ஆசிரியர்கள் வாங்கினார்கள், பஸ் டிரைவர்கள் வாங்கினார்கள், நல்ல பேச்சு.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஓர் அப்பாயி கடை வாங்கில் உட்கார்ந்து அதைத் தேத்தண்ணியில் முக்கினாள். கிளாசுக்குள் செதில் செதிலாக மிதந்தது. கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஏப்பா, இது என்னா இப்பிடி உதுருது? தேத்தண்ணிக்குத் தாங்கலியே."

"இது தோய்க்காமச் சாப்பிடுறது அப்பாயி."

"அப்ப தேத்தண்ணிய எதோட குடிக்கிறது?"

அந்தக் கேள்விக்குக் கொழும்பில் யாரும் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை. பாரிசில் அகன்ற கிண்ணத்தில் பால் கோப்பி ஊற்றிக் குரோசானைத் தோய்த்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கிண்ணத்தில் செதில் விழுந்தால் தெரியாது. எங்கள் கிளாஸ் ஒடுக்கம், உள்ளே இருப்பது தெளிந்த சாயம். அப்பாயிக்கு அந்தச் சாயத்தின் நிறம் முக்கியம். அவள் கை பறித்த கொழுந்து அது. நல்ல தூள் தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஏலத்துக்குப் போக, மிஞ்சிய தூளில் குடித்தவள், கிளாஸ் கலங்குவதைச் சகிக்கமாட்டாள்.

அன்றிரவு நானாவின் மகனும் நானும் கணக்குப் பார்த்தோம். மூன்று மடிப்புக்கு வேலை நேரம் அதிகம், மாஜரின் அதிகம், விலையும் கிம்புலாவைப்போல் இரு மடங்குக்கு மேல். ஒரே ஒரு மடிப்போடு நிறுத்தினால்? கிம்புலா மாவுக்குள் மாஜரினை வைத்து ஒருதரம் மூன்றாக மடித்து, தேய்த்து, பழையபடி சுருட்டினோம். உள்ளே மெல்லிய அடுக்கு தெரிந்தது, பிய்த்தால் நூலாகப் பிரிந்தது, தேத்தண்ணியில் முக்கினால் உதிரவில்லை. மேலே பாஸ் காலத்துப் பருக்கைச் சீனி. வெள்ளிக்கிழமையில் உள்ளே மாசியில்லாச் சம்பல், தலையில் கருஞ்சீரகம். ஊர் அதற்குக் 'கொழும்புக் கிம்புலா' என்று தானே பேர் வைத்துக்கொண்டது. கொழும்பில் அப்படி ஒன்று கிடையாது.

மூன்று மடிப்புக் குரோசானை அந்தக் கடை இப்போது போடுவதில்லை. ஒரு மடிப்புக் கிம்புலா தினமும் போடுகிறது. பீத்தோவனின் 'ஃபர் எலிஸ்' இசையைப் போட்டுக்கொண்டு வரும் பாண் திரீவீலர் அதைத் தோட்டத்து ரோட்டுக்கும் ஏற்றிக்கொண்டு போகிறது. சம்பள நாள் வரை காத்திருக்காமல் பிள்ளைகள் லயத்து வாசலிலேயே வாங்குகிறார்கள். நான் மறுபடி கொழும்புக்கு வந்துவிட்டேன். இங்கே கலப்புப் பண்டம் தேடி வருகிறவர்கள், இந்தக் கலப்பு எந்த நாட்டு ரெசிப்பி என்று கேட்கிறார்கள். ஊவாவில் தோட்டமும் கிராமமும் டவுனும் சேர்ந்து ஒரே கடையில் பாண் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கலப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் ஒரு பண்டத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது அந்த ஊர் எதைக் குடிக்கிறதோ அதுதான். பசறை தாண்டிப் பிபிலைக்கோ மட்டக்களப்புக்கோ போகிறவர்கள், பஸ் லுணுகலையில் நிற்கும்போது இறங்கி ஒரு கிம்புலாவும் ஒரு பிளேன்டீயும் கேளுங்கள். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலை ஏழரைக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு தட்டில் ரஸ்க்தான் இருக்கும்.